தண்ணீரை விட லேசான பீர்!

தண்ணீரைப் போல் ஓடுகிற ஒரு பொருள் "உலர்ந்தது" ஆக இருக்க முடியுமா?

முடியும் என்கிறார்கள் மேல்நாட்டுக்காரர்கள். ஒயினிலோ பீரிலோ இனிப்பு அறவே இல்லாவிட்டால், அதை "டிரை" என்று சொல்வது அவர்கள் வழக்கம். டிரை என்றால் உலர்ந்தது. குடித்த பிறகு நாக்கில் இனிப்புப் பிசுக்கு ஒட்டாது. துணியால் துடைத்துவிட்டாற்போல் வாய் சுத்தமாகிவிடும். அதனால் அந்தப் பெயர்.

இப்படிப்பட்ட பீர் ஒன்று 2017-ம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில் பிறந்தது. "புரூட் ஐ.பி.ஏ." என்பது அதன் பெயர். ஐ.பி.ஏ. என்ற மூன்று எழுத்துக்களில் முதல் எழுத்து எதைக் குறிக்கிறது, தெரியுமா? இந்தியாவை! "இந்தியா பேல் ஏல்" என்பதன் சுருக்கம் அது. பேல் என்றால் வெளிறிய நிறம். ஏல் என்பது ஒரு வகைப் பீர்.

அமெரிக்கப் பீருக்கு நம் நாட்டுப் பெயர் எப்படி வந்தது? அதில் இருந்த சர்க்கரை எங்கே போனது? இந்தக் கதையில் கப்பல் உண்டு, பீப்பாய் உண்டு, நம் சென்னைக் கடற்கரையும் உண்டு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை எழுதுகிறவனுக்குக் காப்பிக்கு மேல் பழக்கமில்லை. ருசி பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் எழுதி வைத்திருப்பதைக் கொண்டுதான் இங்கே சொல்லுகிறேன்.

சோதிப்பது எப்படி?

பீரைச் சோதிப்பதற்கென்று பரீட்சை வைத்து நடுவர்களைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு ஒன்று அமெரிக்காவில் 1985 முதல் இருந்து வருகிறது. சிரிக்க வேண்டாம்! எந்தப் பீர் என்ன நிறத்தில் இருக்க வேண்டும், எவ்வளவு கசக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்கள். அதில் புரூட் ஐ.பி.ஏ.வுக்கும் இடம் உண்டு.

நடுவர் முன்னால் கண்ணாடித் தம்ளர் வைக்கப்படுகிறது. முதல் வேலை கண்ணுக்கு. புரூட் ஐ.பி.ஏ. இளம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். கலங்கல் கூடாது. தம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்துத் தெரிகிறாற்போல் தெளிவாக இருந்தால் நல்லது. அடியிலிருந்து சிறு சிறு குமிழிகள் ஓயாமல் கிளம்பும். மேலே வெள்ளை நுரை நிற்கும்.

அடுத்த வேலை மூக்குக்கு. இங்கேதான் வேடிக்கை. பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது ஹாப்ஸ் என்னும் ஒரு கொடியின் பூ. பார்வைக்குச் சின்னஞ்சிறு பச்சைக் கூம்பு போல் இருக்கும். அதில் பல ஜாதிகள் உண்டு. நியூஸிலாந்தில் விளையும் "நெல்ஸன் ஸாவின்" என்னும் ஜாதிக்கு வெள்ளைத் திராட்சையின் வாசனை. மற்றவற்றில் எலுமிச்சை, அன்னாசி, மாம்பழம் என்று பல வாசனைகள் அடிக்கும். ஆகவே தம்ளரை மோந்து பார்க்கிறவருக்குப் பழக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும்.

கடைசியில் நாக்கு. மூக்கு சொன்னதை நம்பி நாக்கு இனிப்பை எதிர்பார்க்கிறது. இனிப்போ இல்லை! மாம்பழ வாசனையோடு வெள்ளரிக்காயைக் கடித்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான். குமிழிகள் நாக்கில் சுருக்கென்று குத்துகின்றன. அடுத்த கணம் எல்லாம் மறைந்துவிடுகிறது.

ஒயினைச் சோதிக்கிறவர்கள் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள். பீர் நடுவர்கள் ஒரு சிறு மடக்காவது விழுங்குவார்கள். கசப்பு மெதுவாகத்தான் தெரியும். விழுங்கிய பிறகு அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை.

கசப்பு என்றதும் ஒரு செய்தி. சர்க்கரை போடாத காப்பியை முதல் முதலாகக் குடித்தவர்கள் முகத்தைச் சுளித்ததைப் பார்த்திருப்பீர்கள். டிகாக்ஷன் அதே டிகாக்ஷன்தான். சர்க்கரை இல்லாததால் கசப்பு முன்னால் வந்து நிற்கிறது. இந்தப் பீரிலும் அப்படியே. ஆகவே ஹாப்ஸை நிறையக் கொதிக்க விடாமல், வாசனைக்காக மட்டும் கடைசியில் போடுகிறார்கள். சாதாரண அமெரிக்க ஐ.பி.ஏ.யின் கசப்பு, அவர்கள் அளவுகோலில் 40 முதல் 70 வரை இருக்கும். புரூட் ஐ.பி.ஏ.வுக்கு 20 முதல் 30 வரைதான்.

சர்க்கரை எங்கே போனது?

பதநீரை நாம் அறிவோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பனையில் கட்டினால் இனிப்பான பதநீர் கிடைக்கும். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் என்னும் உயிர்கள் சாற்றிலே உள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடுகின்றன. நுரை வருவது அவை விடும் வாயுவினால். இனிப்பு குறையக் குறைய போதை ஏறும்.

பீரிலும் நடப்பது இதுதான். ஆனால் பீர் செய்யும் பார்லியில் சர்க்கரை இல்லை, மாவுதான் இருக்கிறது. மாவைச் சர்க்கரையாக்கினால்தான் ஈஸ்ட் தின்னும்.

மாவு சர்க்கரையாவதைப் பார்க்க வேண்டுமா? ஒரு பிடி வெறும் சோற்றை வாயில் போட்டு, விழுங்காமல் வெகு நேரம் மெல்லுங்கள். மெல்ல மெல்ல இனிக்கும். வாயில் ஊறும் உமிழ்நீரில் "என்ஸைம்" என்னும் ஒரு பொருள் இருக்கிறது. அது மாவை வெட்டிச் சர்க்கரையாக்குகிறது. குழந்தைகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பார்லியை நனைத்து முளை கட்ட வைத்தால் அதிலும் இத்தகைய என்ஸைம்கள் உண்டாகும். முளைத்த பார்லியைக் காய வைத்து, நொறுக்கி, சுமார் 65 டிகிரி சூட்டில் வெந்நீரில் ஊற வைத்தால் ஒரு மணி நேரத்தில் இனிப்பான கஷாயம் தயார்.

ஆனால் எல்லா மாவும் சர்க்கரையாகிவிடுவதில்லை. சில துண்டுகள் பெரிதாகவே தங்கிவிடும். ஈஸ்ட் அவற்றைத் தின்ன முடியாது. சாதாரணப் பீர் வாயில் கொஞ்சம் கனமாக இருப்பதற்கு இந்த மிச்சத் துண்டுகளே காரணம்.

புரூட் ஐ.பி.ஏ. செய்கிறவர்கள் இன்னொரு என்ஸைமைச் சேர்க்கிறார்கள். அதன் பெயர் வாயில் எளிதில் நுழையாது: அமைலோகுளுக்கோஸிடேஸ். வெங்காயத்தின் மேல் கறுப்புப் பொடியாகப் படிகிறதே ஒரு பூஞ்சக்காளான், அந்த இனத்தை வளர்த்து அதிலிருந்து இதை எடுக்கிறார்கள். மிச்சமுள்ள துண்டுகளை இது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, எல்லாவற்றையும் ஈஸ்டுக்கு இரையாக்கிவிடுகிறது. சர்க்கரை மிஞ்சுவதில்லை.

மிஞ்சவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பால்காரர் பாலில் தண்ணீர் கலந்தாரா என்று பார்க்க லாக்டோமீட்டர் போடுவார்கள் அல்லவா? கெட்டிப் பாலில் அது உயர்ந்து மிதக்கும். தண்ணீர்ப் பாலில் தாழ்ந்துவிடும். பீர்க்காரரிடமும் அதுபோல் ஒரு மிதவைக் கருவி உண்டு. வெறும் தண்ணீரில் அது 1000 என்று காட்டும். சர்க்கரை நிறைந்த கஷாயத்தில் 1050 அளவில் நிற்கும். புளித்து முடிந்த பிறகு சாதாரண ஐ.பி.ஏ.யில் 1010-க்குச் சற்று மேலே நிற்கும். புரூட் ஐ.பி.ஏ.யில் போட்டாலோ 1004 முதல் 990 வரை இறங்கிவிடும். 990! அதாவது, தண்ணீரைக் காட்டிலும் லேசு. ஆல்கஹால் தண்ணீரை விட லேசானது என்பதால் இப்படி.

நாக்கை ஏமாற்றும் லேசு

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

"இனிப்பு இல்லாத பீர்தானே! சர்க்கரை வியாதிக்காரர்கள் கூடக் குடிக்கலாம் போலிருக்கிறதே" என்று நினைக்கிறவர்கள் உண்டு. சர்க்கரை காற்றில் பறந்துவிடவில்லை. ஈஸ்டின் வயிற்றில் புகுந்து ஆல்கஹாலாக வெளியே வந்திருக்கிறது. சாதாரணப் பீரில் நூற்றுக்கு 5 பங்கு ஆல்கஹால் என்றால், புரூட் ஐ.பி.ஏ.யில் 6 முதல் 7½ பங்கு வரை இருக்கும். ஆனால் நாக்குக்கு அது தெரியாது. தண்ணீர் போல் லேசாக இறங்குகிறது. கனமான பீர் என்றால் வயிறே போதும் என்று சொல்லும். இது அப்படிச் சொல்லாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கக் கடைகளில் ஒரு பைண்ட் தம்ளர் என்பது 473 மில்லி லிட்டர். நூற்றுக்கு 7 பங்கு என்றால் அதில் சுமார் 26 கிராம் ஆல்கஹால் இருக்கும். 355 மில்லி கொண்ட சாதாரணப் பீர் டப்பா ஒன்றில் 14 கிராம்தான். ஆக, ஒரு தம்ளர் குடித்ததாக நினைக்கிறவர் ஏறக்குறைய இரண்டு டப்பா குடித்திருக்கிறார்! காலரியும் குறைந்துவிடவில்லை. ஒரு கிராம் சர்க்கரையில் 4 காலரி. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வேறொரு ஆபத்து. கல்லீரல்தான் சமயத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுத்து உதவுகிறது. ஆல்கஹால் உள்ளே போனால் கல்லீரல் அதைக் கவனிக்கப் போய்விடும். இன்ஸுலினோ, அதுபோல் வேலை செய்யும் சில மாத்திரைகளோ சாப்பிடாமல் கொள்ளாமல் இருக்கும்போது வேலை செய்துகொண்டே இருந்தால், ரத்தச் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். மயக்கம் வரும். பார்க்கிறவர்கள் குடிபோதை என்று எண்ணி அப்படியே விட்டுவிடுவார்கள். டாக்டர்கள் அஞ்சுவது இதைத்தான். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பத்திரம் என்று சொல்ல முடியாது என 2023 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கடைக்காரர்கள் இதையெல்லாம் பலகையில் எழுதி வைப்பதில்லை. "டிரை", "லேசு" என்று எழுதுகிறார்கள்!

ஸான் பிரான்ஸிஸ்கோவில் பிறந்தது

இந்தப் பீரைச் செய்தவர் கிம் ஸ்டர்டவன்ட் என்பவர். ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் "ஸோஷியல் கிச்சன்" என்ற ஒரு கடை இருந்தது. சாப்பாடும் உண்டு, பின்கட்டிலேயே பீரும் காய்ச்சுவார்கள். அங்கே அவர் பீர் செய்பவராக இருந்தார்.

அந்தச் சமயம் அமெரிக்காவில் கலங்கலான ஐ.பி.ஏ.க்கள் மேல் மக்களுக்கு ஒரே மோகம். பார்த்தால் பழரசம் போலவே இருக்கும். கனமாகவும் இனிப்பாகவும் இருக்கும். நம்மவருக்கு அது பிடிக்கவில்லை. ஆல்கஹால் மிகுந்த கடும் பீர்களில் இனிப்பைக் குறைக்க அவர் முன்பே அந்த என்ஸைமைப் பயன்படுத்தியிருந்தார். அதைச் சாதாரண ஐ.பி.ஏ.யிலும் போட்டால் என்ன? போட்டார். எதிர் வழியில் போன புதிய பீர் பிறந்துவிட்டது. லேசாக்குவதற்காகப் பார்லியோடு அரிசியோ மக்காச்சோளமோ சேர்ப்பதும் இந்த வகையில் வழக்கமாயிற்று.

"புரூட்" என்ற பெயர் பிரான்ஸ் நாட்டு ஷாம்பேன் ஒயினிலிருந்து கடன் வாங்கியது. முன்பெல்லாம் ஷாம்பேன் மிகவும் இனிப்பாக இருக்கும். இங்கிலீஷ்காரர்களுக்கு இனிப்பில்லாததே பிடிக்கிறது என்று கண்ட பொம்மரி சீமாட்டி என்ற விதவை, 1874-ம் ஆண்டு ஷாம்பேனை இனிப்பில்லாமல் தயாரித்து விற்று வெற்றி பெற்றார். புருஷன் இறந்த பிறகு வியாபாரத்தைத் தாமே ஏற்று நடத்திய கெட்டிக்காரி அவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

அந்த என்ஸைமும் புதியதல்ல. ஜோசப் ஓவேட்ஸ் என்னும் அமெரிக்க ரசாயனி, உடம்பு பெருக்காத பீர் செய்கிறேன் என்று 1960-களிலேயே அதைக் கையாண்டார். 1967-ல் "காப்ளிங்கர்ஸ்" என்ற பெயரில் அந்தப் பீர் கடைக்கு வந்தது, விலை போகவில்லை.

சென்னைக்கு வந்த பீப்பாய்

இனி, பெயரில் உள்ள இந்தியாவைப் பார்ப்போம்.

லண்டனுக்குக் கிழக்கே "போ" என்ற இடத்தில் 1752-ம் ஆண்டு முதல் ஹாட்ஜ்ஸன் குடும்பத்தார் பீர் காய்ச்சி வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற துறை அதற்குப் பக்கம். கம்பெனிக் கப்பல் தலைவர்கள் சொந்த வியாபாரத்துக்கும் சரக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்பது அந்நாளைய ஏற்பாடு. ஹாட்ஜ்ஸன் அவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் கடன் கொடுத்தார். கடனுக்குக் கிடைத்தால் யார் விடுவார்கள்? பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

அப்போது ஸூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869-ல். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நான்கு மாதம், ஐந்து மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். வெயில் ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம். ஹாப்ஸ் மிகுதியாகப் போட்ட பீர் கெடாமல் வந்து சேர்ந்தது.

சென்னைக்கு வந்த பீப்பாய்களின் பாடு இன்னும் மோசம். சென்னைக்கு அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தொலைவிலேயே நங்கூரம் போட்டுவிடும். கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகளில் நம் கடலோர மக்கள் போய், சரக்கை ஏற்றி, மலை போல் எழும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்ப்பார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்து போகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். வெள்ளைக்காரர் வீட்டுக்குப் பீர் போனது நம்மவர் தோள் வலிமையில்தான்.

குடித்தவர்கள் யார்? பெரும்பாலும் கம்பெனி உத்தியோகஸ்தர்களும் ராணுவ அதிகாரிகளும். சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்குக் கறுப்பு நிற "போர்ட்டர்" பீரும் சாராயமும்தான்.

1820-களில் ஹாட்ஜ்ஸன் கம்பெனிக்குப் பேராசை வந்தது. கப்பல் தலைவர்களை விலக்கிவிட்டுத் தாமே வியாபாரம் செய்யப் பார்த்தது. கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர் ஒருவர், பர்ட்டன் என்ற ஊரில் பீர் காய்ச்சிய ஆல்ஸாப் என்பவரை விருந்துக்கு அழைத்து, "இதுபோல் உம்மால் செய்ய முடியுமா?" என்று ஹாட்ஜ்ஸன் பீரைக் காட்டினாராம். ஆல்ஸாப்பின் ஆள் முதல் சோதனையைத் தேநீர்ப் பாத்திரத்திலேயே காய்ச்சிப் பார்த்தார் என்று கதை சொல்லுகிறார்கள். கதை எப்படியோ, பர்ட்டன் பீர் வென்றது. ஹாட்ஜ்ஸன் தோற்றார்.

"இந்தியாவுக்கென்றே ஹாட்ஜ்ஸன் இந்தப் பீரைக் கண்டுபிடித்தார்" என்று பல புத்தகங்களில் காணலாம். அது சரியல்ல. வெளிறிய பீர் இங்கிலாந்தில் அதற்கு முன்பே இருந்தது. "கிழக்கிந்தியா பேல் ஏல்" என்ற பெயர் அச்சில் வந்ததாக இதுவரை தெரிந்தவற்றில் பழையது 1829-ம் ஆண்டுப் பத்திரிகை விளம்பரம். அதுவும் இந்தியாவில் அல்ல; ஆஸ்திரேலியாவில்!

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. டென்மார்க்கில் கார்ல்ஸ்பர்க் பீர்ச் சாலையில் வேலை பார்த்த கிளாஸன் என்ற விஞ்ஞானி, நாள்பட வைத்த இங்கிலீஷ் பீரில் தனி ருசி எப்படி வருகிறது என்று ஆராய்ந்து 1904-ல் முடிவை வெளியிட்டார். பீப்பாயில் வேறு ஒரு ஈஸ்ட் குடியிருக்கிறது என்று கண்டார். "பிரிட்டிஷ் பூஞ்சை" என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். சாதாரண ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட பெரிய துண்டுகளையும் இது பல மாதம் இருந்து மெதுவாகத் தின்றுவிடும்!

இப்போது சேர்த்துப் பாருங்கள். மரப் பீப்பாய், மாதக் கணக்கில் பயணம், வெயில், இந்த ஈஸ்ட். கல்கத்தாவிலும் சென்னையிலும் பீப்பாயைத் திறந்தபோது இனிப்பு பெரும்பாலும் போய், வறண்ட தெளிந்த பீர்தான் ஊற்றியிருக்கும். ஸ்டர்டவன்ட் ஒரு சிட்டிகை என்ஸைமைக் கொண்டு சில நாளில் செய்ததை, அந்தக் காலத்தில் கடல் செய்தது.

புதிய பீரின் வாழ்வு நீடிக்கவில்லை. 2018-ல் அமெரிக்கா முழுவதும் புரூட் ஐ.பி.ஏ. என்றே பேச்சு. ஐரோப்பாவிலும் காய்ச்சினார்கள். பல இடங்களில் அவசரத்தில் கசப்பைக் கூட்டிவிட்டார்கள், வெறும் கஷாயமாயிற்று. சரியாகச் செய்ததையும் "தண்ணீர் மாதிரி இருக்கிறதே" என்றார்கள் குடித்தவர்கள். தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே அவ்வளவு பாடும்! இரண்டு வருஷத்துக்குள் மோகம் தணிந்தது. கலங்கல் பீரே மீண்டும் கொடி கட்டிப் பறந்தது.

ஸோஷியல் கிச்சன் கடை 2020-ல் மூடப்பட்டது. நடுவர்களின் புத்தகத்தில் மட்டும் 2021-ம் வருஷப் பதிப்பிலும் புரூட் ஐ.பி.ஏ.வுக்கு உரிய பகுதி இருக்கிறது: இளம் வைக்கோல் நிறம், தெளிவு, 990 முதல் 1004 வரை.